கறவை மிஷினுக்குள் வழவழப்பு: தினமும் ஹைப்போ விட்டும் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

தொழுவம்12 கேட்டது:

விவரம் முதலில். 12 கறவை மாடு, பக்கெட் வகை மிஷின், 2 கிளஸ்டர் (காம்பில் மாட்டும் நான்கு கிண்ணத் தொகுப்பு). பக்கெட் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், சொசைட்டிக்கு ஊற்றும் 40 லிட்டர் கேன் அலுமினியம். தண்ணீர் போர் தண்ணீர்தான், டி.டி.எஸ். (கரைந்த உப்பின் அளவு) 1100, கடினத்தன்மை 600 பி.பி.எம்.

இப்போது செய்வது: கறந்து முடித்து, மாட்டுக்குத் தீவனம் வைத்துவிட்டு, அரை மணி கழித்துப் பச்சைத் தண்ணீரில் அலசல். பிறகு பாத்திரம் தேய்க்கும் லிக்விட் போட்டு ஒரு தடவை. கடைசியில் ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட், குளோரின் மருந்து) ஒரு மூடி கலந்த தண்ணீரை உறிஞ்ச விட்டு, அந்தத் தண்ணீரோடு பக்கெட்டை மூடி வைத்துவிடுகிறோம். அடுத்த கறவைக்குத்தான் கொட்டுகிறோம்.

மெத்திலீன் புளூ டெஸ்டில் (பாலில் கலந்த நீலச் சாயம் சீக்கிரம் வெளுத்தால் கிருமி அதிகம்) 4 மணி நேரம் நின்ற பால் இப்போது ஒன்றரை மணியில் வெளுத்துவிடுகிறது. லைனருக்குள் (காம்பைப் பிடிக்கும் ரப்பர் குழல்) விரல் விட்டால் வழவழ என்று இருக்கிறது. பால் குழாயின் உள்பக்கம் மஞ்சள் பூத்திருக்கிறது. ஹைப்போவை இரண்டு மூடி ஆக்கியும் பார்த்தாயிற்று. இரண்டு நாள் நன்றாக இருக்கிறது, மூன்றாம் நாள் பழையபடி.

1. கிருமியைக் கொல்லும் மருந்துதானே ஹைப்போ, அது ஏன் பிடிக்கவில்லை?
2. எதை, எவ்வளவு, எந்த வரிசையில் விட வேண்டும்?
3. காஸ்டிக் சோடா போடலாமா?

---

மேல்பரப்பு:

முதல் கேள்விக்கு மட்டும் நான். மற்றதை ரசாயனம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

நீங்கள் தொடும் வழவழப்பு வெறும் கிருமி அல்ல, கிருமி கட்டிக்கொண்ட வீடு. உயிர்ப்படலம் என்பார்கள், ஆங்கிலத்திலேயே பயோஃபிலிம் என்றும் சொல்வதுண்டு. அது உருவாகும் விதம் தெரிந்தால் உங்கள் வரிசை எங்கே பிசகியிருக்கிறது என்று தானே விளங்கும்.

பால் பட்ட ஸ்டீலின் மேல் முதலில் ஒட்டுவது பாக்டீரியா இல்லை, புரதம். பால் பட்ட சில நொடிகளிலேயே கேசீனும் மோர்ப் புரதமும் உலோகத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சாகப் படிந்துவிடும். இனி வரும் பாக்டீரியா தொடுவது ஸ்டீலை அல்ல, இந்தப் பூச்சை.

இரண்டாம் கட்டத்தில் பாக்டீரியா பரப்பை நெருங்குகிறது. அதன் உடலும் எதிர்மின்னூட்டம், பரப்பும் பெரும்பாலும் எதிர்மின்னூட்டம், ஒன்றையொன்று தள்ளும். ஆனால் மிக நெருங்கிவிட்டால் வான் டெர் வால்ஸ் ஈர்ப்பு இழுக்கும். தண்ணீரில் கரைந்த கால்சியம் அந்தத் தள்ளுவிசையைக் குறைத்து, இடையில் பாலமாகவும் நிற்கும். 600 பி.பி.எம். கடினத் தண்ணீரில் இந்தப் பாலத்துக்குப் பஞ்சமே இல்லை. இந்தக் கட்டத்தில் பிடி இன்னும் தளர்ச்சிதான். வேகமாக ஓடும் தண்ணீர் பெயர்த்துவிடும்.

மூன்றாம் கட்டத்தில்தான் வினை. சில மணி நேரம் கலைக்காமல் விட்டால் பாக்டீரியா தன் மெல்லிய மயிர்களால் பிடித்துக்கொண்டு, சர்க்கரைத் தொடர்கள், புரதம், செத்த செல்களின் டி.என்.ஏ. எல்லாம் கலந்த ஒரு பசையைச் சுரக்க ஆரம்பிக்கும். உங்கள் விரலுக்குத் தட்டுப்படும் வழவழப்பு இந்தப் பசை. வெறும் தண்ணீர் இனி எதையும் பெயர்க்காது.

இப்போது ஹைப்போவுக்கு வருவோம். குளோரின் ஆள் பார்த்து வினை புரியாது. எதிரில் வரும் எந்தக் கரிமப் பொருளோடும் சண்டைக்குப் போய்த் தானும் செலவாகிவிடும். பால் மிச்சமும் பசையும் மேலே இருந்தால், அவற்றோடு மோதியே தீர்ந்துவிடும். அடியில் இருக்கும் செல்லுக்குப் போய்ச் சேர்வது கொஞ்சம்தான். 1994இல் ஊசி போன்ற நுண் மின்முனைகளைப் படலத்துக்குள் இறக்கி அளந்து பார்த்தார்கள். வெளியே உள்ள குளோரினில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் உள்ளே இருந்தது. தண்ணீரில் மிதக்கும் பாக்டீரியாவைவிடப் படலத்துக்குள் இருப்பது கிருமிநாசினிக்கு 10 முதல் 1000 மடங்கு வரை தாங்கும் என்பதற்கு இது ஒரு காரணம். அடியில் இருப்பவை பாதி உறக்கத்தில், மெதுவாக வளர்பவையாக இருப்பது இன்னொன்று.

மூடியை இரட்டிப்பாக்கியதில் மேலடுக்கு செத்தது. அதனால்தான் இரண்டு நாள் நிம்மதி. செத்த அடுக்கோ அங்கேயே ஒட்டிக்கொண்டு, கீழே பிழைத்தவற்றுக்குச் சோறாகவும் கூரையாகவும் இருக்கிறது. 30 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் ஒற்றை பாக்டீரியா, மாலைக் கறவைக்கும் காலைக் கறவைக்கும் இடைப்பட்ட 12 மணி நேரத்தில் 24 தடவை இரட்டிக்கும். கணக்குப்படி 1 கோடியே 67 லட்சம். நடப்பில் உணவும் இடமும் தடுக்கும் என்றாலும், ஈரமும் பால் மிச்சமும் இருக்கிற லைனரில் பெரிய தடை ஒன்றும் இல்லை.

முதலில் பெயர்க்க வேண்டும், பிறகுதான் கொல்ல வேண்டும். நீங்கள் பெயர்க்காமலே கொல்லப் பார்க்கிறீர்கள்.

---

அரைப்படி:

இவ்வளவு சுற்றி வளைக்க வேண்டாம். கறந்த உடனே கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றுங்கள், எல்லாம் செத்துப்போகும். மருந்தே வேண்டாம்.

---

வேக்குவம்பம்ப்:

அரைப்படி, தப்பா எடுத்துக்காதீங்க. முதல் அலசலுக்குக் கொதிதண்ணி ஊத்துறதுதாங்க பாதி மிஷின்ல படலத்துக்கே காரணம். முட்டை வெந்தா வெள்ளைக்கரு சட்டியில பிடிக்குதில்ல, அதே கதைதான். பால் புரதம் ஏறக்குறைய 65–70 டிகிரியில வெந்து இறுகி ஒட்டிக்கும். அதுக்குன்னு பச்சைத் தண்ணியும் ஆகாதுங்க, கொழுப்பு உறைஞ்சு சுவர்ல அப்பிக்கும். பால் கொழுப்பு முழுசா இளகி நிக்கணும்னா 37 டிகிரிக்கு மேல வேணும். ஆகவே முதல் அலசல் 38லருந்து 43க்குள்ள. தெர்மாமீட்டர் இல்லைன்னா: கொதிதண்ணி ஒன்றரை லிட்டர், தொட்டித் தண்ணி எட்டரை லிட்டர் கலந்தா நம்ம ஊர்ல 40 பக்கம் வந்து நிக்கும்.

தொழுவம்12, உங்க வரிசையில என் கண்ணுக்குப் பட்ட கோளாறு எல்லாம் சொல்றேன்.

அரை மணி கழிச்சு அலசுறீங்க. அதுக்குள்ள பால் காய்ஞ்சிரும். கடைசி மாடு முடிஞ்ச கையோட, மாட்டுக்குத் தீவனம் அப்புறம் வைங்க, கிளஸ்டரை வெதுவெதுத் தண்ணிக்குள்ள விட்டு மிஷின் வேக்குவத்துலயே 10 லிட்டரை உறிஞ்ச விடுங்க. உறிஞ்சும்போது கிளஸ்டரை அஞ்சாறு நொடிக்கு ஒருக்கா தண்ணியை விட்டு மேல தூக்கித் தூக்கி அமுக்கணும். தண்ணிக்கு நடுவுல காத்து போனா குழாய்க்குள்ள தண்ணி கட்டி கட்டியா அடிச்சுட்டுப் போகும். சும்மா ஒரே சீரா போற தண்ணி நடுவுலதான் வேகமா போகும். சுவரை ஒட்டி இருக்கிற மெல்லிசுத் தண்ணி அசையவே அசையாது. பாக்டீரியா ஒக்காந்திருக்கிறது அந்த அசையாத தண்ணிக்குள்ளதானுங்க. பெரிய பண்ணையில பைப்லைன் மிஷினுக்கு ஏர் இன்ஜெக்டர்னு ஒண்ணு வெச்சிருக்கிறது இதுக்குத்தான். அங்க தண்ணிக் கட்டி நொடிக்கு 7லருந்து 10 மீட்டர் வேகத்துல போகணும்னு கணக்கு. உங்க பக்கெட்டுக்கு அதெல்லாம் வேண்டாம், கை போதும். பக்கெட்டை முக்காலுக்கு மேல ரொப்பாம பாத்துக்கங்க, தண்ணி வேக்குவம் லைனுக்கு ஏறிடும்.

அடுத்து லைனர். ரப்பர் கொழுப்பைக் குடிக்கும். குடிச்சு உப்பும், அப்புறம் உள்பக்கம் மயிரளவு வெடிப்பு விடும். அந்த வெடிப்புக்குள்ள எந்த மருந்தும் போகாது, எந்த பிரஷும் போகாது. ரப்பர் லைனருக்கு 2500 கறவைதான் ஆயுசு. உங்க கணக்கு: 12 மாடு, ரெண்டு வேளை, 24 கறவை, ரெண்டு கிளஸ்டருக்குப் பிரிச்சா ஒண்ணுக்கு நாளைக்கு 12. 2500ஐ 12ஆல வகுத்தா 208 நாள், ஏழு மாசம்னு வெச்சுக்கங்க. அதைத் தாண்டியிருந்தா மருந்தைப் பத்திப் பேசுறதே வீண், முதல்ல லைனரை மாத்துங்க. ரெண்டா வெட்டி உள்ள லென்ஸ் வெச்சுப் பாருங்க, நீங்களே சொல்லுவீங்க.

எல்லாரும் மறக்கிற இடம் மூணு: பக்கெட் மூடி கேஸ்கெட்டுக்கு அடியில, கிளாவோட (நாலு லைனர் பாலும் வந்து சேர்ற கிண்ணம்) ஷட்-ஆஃப் வால்வு ரப்பர், பக்கெட்டுலருந்து வேக்குவம் டேப்புக்குப் போற குழாய். கடைசியா சொன்னதுல பால் போகாதுன்னு நினைப்பாங்க. நுரையும் ஆவியும் போகும். வாரம் ஒரு நாள் கழட்டி மோந்து பாருங்க, புளிச்ச வாடை அடிச்சா அங்கயும் குடியிருக்குன்னு அர்த்தம்.

இன்னொண்ணு, இரும்பு நார் போடாதீங்க. ஸ்டீல் கீறும். பாக்டீரியா ஒரு மைக்ரான் அளவு; கீறல் அதைவிட ஆழம். பள்ளம் தோண்டி நாமளே வீடு கட்டிக் குடுத்த மாதிரி. பால் படுற ஸ்டீல் சொரசொரப்பு 0.8 மைக்ரானுக்கு மேல போகக்கூடாதுன்னு டெய்ரி மிஷின் செய்யறவங்க வெச்சிருக்கிற அளவே இதுக்காகத்தான். நைலான் பிரஷ் போதும்.

---

அரைப்படி:

வெந்நீர் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். அப்போ வெந்நீர் எந்தக் கட்டத்தில்?

---

காரஅமிலம்:

காரக் கழுவலில். மூன்று கேள்விக்கும் சேர்த்தே எழுதுகிறேன், நீளும்.

சுத்தம் செய்யும் வேலை நான்கு பேர் சுமக்கிற பல்லக்கு. மருந்து, சூடு, நேரம், உராய்வு. ஹெர்பர்ட் சின்னர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1959இல் இதை ஒரு வட்டமாக வரைந்து காட்டினார். ஒருவர் தோளை இறக்கினால் மற்ற மூவர் சுமக்க வேண்டும். பச்சைத் தண்ணீர், இரண்டு நிமிடம், பிரஷ் கிடையாது என்றால் பாரம் முழுக்க மருந்தின் தலையில். அதுவும் பாத்திர லிக்விட் தலையில். அது நடுநிலையான மருந்து, கைக்கு நோகாமல் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கச் செய்தது. அதிலுள்ள பரப்பிழுவிசை குறைக்கும் பொருள் ஒரு பக்கம் நீரை நாடும், மறு பக்கம் கொழுப்பைப் பற்றும். கொழுப்பைச் சிறு சிறு உருண்டைகளாகச் சுற்றி வளைத்துத் தண்ணீரோடு அனுப்பும். கொழுப்பு வரை சரி. புரதத்தையும் பால்கல்லையும் (பால் தாது இறுகிய படிவம்) அதனால் ஒன்றும் செய்ய முடியாது. போதாக்குறைக்கு நுரை, வேக்குவத்தில் நுரை ஓடினால் சுவரில் உராய்வே இருக்காது.

காரம். புரதத்தை அறுக்கக் காரம் வேண்டும், பி.எச். 11 முதல் 12 வரை. அந்தக் காரத்தில் புரதம் வீங்கி, எதிர்மின்னூட்டம் கூடி, பரப்பை விட்டுத் தள்ளப்படும். கொழுப்பும் ஓரளவு சோப்பாகும். பாக்டீரியாவின் பசையும் இங்கேதான் இளகும்.

காஸ்டிக் சோடாவைப் பற்றிக் கேட்டீர்கள். பால் ஆலைகளில் மூடிய குழாய்க்குள் 1 முதல் 1.5 சதவீதம், 70–75 டிகிரியில் ஓட்டுவார்கள். மனிதக் கை படாத இடம் அது. கையால் பிரஷ் போடும் தொழுவத்தில் வேண்டாம். தோலையும் கண்ணையும் தின்றுவிடும். உங்கள் கேன் அலுமினியம் என்பதால் இரட்டை வேண்டாம்: காஸ்டிக் அலுமினியத்தைக் கரைத்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும், கேன் கறுத்துக் குழி விழும். அலுமினியத்துக்கு சோடியம் மெட்டாசிலிகேட் கலந்த டெய்ரி பவுடர்தான். அந்த சிலிகேட் உலோகத்தின் மேல் ஒரு காப்புப் பூச்சாக நின்று அரிப்பைத் தடுக்கும்.

மிஷினுக்கு டெய்ரி காரப் பவுடர் கிடைத்தால் பாக்கெட்டில் போட்ட அளவே போதும். கிடைக்காத இடத்தில் சலவைச் சோடா லிட்டருக்கு 5 கிராம். ஆனால் உங்கள் தண்ணீரில் சலவைச் சோடாவை மட்டும் போட்டால் அது கால்சியத்தைப் பிடித்துச் சுண்ணாம்பாக இறக்கிவிடும். மருந்தும் வீண், குழாயில் வெள்ளைப் படிவமும் மிச்சம். கால்சியத்தைக் கரைசலிலேயே கட்டிப் போட சோடியம் டிரைபாலிபாஸ்பேட் அல்லது இ.டி.டி.ஏ. சேர்க்க வேண்டும். 600 பி.பி.எம். என்பது லிட்டருக்கு 6 மில்லிமோல் கால்சியம். ஒன்றுக்கு ஒன்று பிடிக்கும் என்பதால் லிட்டருக்கு 2.2 கிராம் டிரைபாலிபாஸ்பேட். 15 லிட்டர் கழுவலுக்கு 75 கிராம் சோடா, 33 கிராம் டிரைபாலிபாஸ்பேட். முதலில் டிரைபாலிபாஸ்பேட்டைக் கரைத்துவிட்டு அப்புறம் சோடா. மாற்றிப் போட்டால் சுண்ணாம்பு முந்திக்கொண்டு இறங்கும். கட்டிப் போடுவதில் இன்னொரு லாபம் உண்டு. மேல்பரப்பு சொன்ன கால்சியப் பாலம் நினைவிருக்கிறதா? இந்த மருந்து படலத்துக்குள் இருக்கும் அந்தக் கால்சியத்தையும் உருவிவிடும், பசை தொளதொளத்துப் போகும்.

மழைத்தண்ணீர் சேமித்திருந்தால் கழுவலுக்கு அதைவிடச் சிறந்தது இல்லை. ஆர்.ஓ. மிஷின் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று கழுவப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. அதில் கடினத்தன்மை போர் தண்ணீரைவிட அதிகம், அதைத் தோட்டத்துக்கு விடுவதானாலும் உப்புத் தாங்கும் மரத்துக்கு விடுங்கள்.

சூடு: தொடங்கும்போது 70–72, கொட்டும்போது 45க்குக் கீழே போகாமல். கொதிநீர் 9 லிட்டரும் தொட்டித் தண்ணீர் 6 லிட்டரும் கலந்தால் 72. வெந்நீர் இந்த இடத்தில்தான், அரைப்படி. புரதத்தை அறுக்கக் காரம் கூடவே இருப்பதால் இப்போது சூடு நமக்கு வேலை செய்யும். 8 முதல் 10 நிமிடம், வேக்குவம்பம்ப் சொன்ன தூக்கி அமுக்கும் முறையில். 45க்குக் கீழே ஆறிப்போன கரைசலைச் சுற்ற விட்டுக்கொண்டே இருந்தால் கரைந்து வந்த கொழுப்பு மறுபடி சுவரில் உட்காரும். ஆறியதைக் கொட்டிவிடுங்கள், காசு போகிறதே என்று பார்க்காதீர்கள்.

அமிலம். காரத்தை அலசிய பிறகு அமிலம். பால்கல் என்பது கால்சியம் பாஸ்பேட்டும் புரதமும் அடுக்கடுக்காக இறுகியது. காரம் அதன் புரதத்தைத்தான் எடுக்கும், தாதுவை அமிலம் எடுக்க வேண்டும். பாஸ்பாரிக் அமிலம் உள்ள டெய்ரி மருந்து, இல்லையென்றால் சிட்ரிக் அமிலம் லிட்டருக்கு 5 கிராம். கணக்கைவிட பி.எச். தாளை நம்புங்கள்: 3 பக்கம் காட்ட வேண்டும். உங்கள் தண்ணீரில் உள்ள பைகார்பனேட் அமிலத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும் என்பதால் பிறருடைய அளவு உங்களுக்குப் பொருந்தாது. 600 பி.பி.எம்.க்கு தினம் ஒரு வேளை அமில அலசல் வேண்டும். மென்தண்ணீர்க்காரர்களுக்கு வாரம் இரண்டு போதும். கடைசியாக அமிலப் பதத்தில் காயும் பரப்பில் பாக்டீரியா வளர்வதும் மந்தப்படும்.

கழிவறை ஆசிட் வேண்டவே வேண்டாம். அது ஹைட்ரோகுளோரிக். அதில் உள்ள குளோரைடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஊசிக்குத்து போலக் குழி போடும். ஒவ்வொரு குழியும் ஒரு கிருமிக் கூடு.

ஹைப்போ. இது கறவைக்கு முன்னால், பின்னால் அல்ல. கறக்க அரை மணிக்குள், 200 பி.பி.எம்., குளிர்ந்த தண்ணீரில் 2 நிமிடம் ஓட்டி முழுக்க வடித்துவிடுங்கள். "ஒரு மூடி" என்ற கணக்கை விட்டுவிடுங்கள். கடையில் 4–5 சதவீதமும் கிடைக்கிறது, 10–12 சதவீதமும் கிடைக்கிறது. 10 லிட்டருக்கு 200 பி.பி.எம். என்றால் 2 கிராம் குளோரின். 10 சதவீதக் கரைசலில் 20 மில்லி, 4 சதவீதத்தில் 50 மில்லி. வெள்ளைக் கேனில் வெயிலில் வைத்திருந்தால் சில வாரங்களிலேயே வீரியம் கணிசமாக இறங்கிவிடும். குளோரின் தாள் கிடைத்தால் வாங்கி வையுங்கள்.

பி.எச்.சும் முக்கியம். கொல்வது ஹைப்போகுளோரஸ் அமிலம். பி.எச். 7.5இல் குளோரினில் பாதி அந்த உருவில் இருக்கும், 8.5இல் பத்தில் ஒரு பங்குதான். காரம் சரியாக அலசப்படாமல் மிச்சம் இருந்தால் ஹைப்போ பெயரளவுக்குத்தான் இருக்கும். அதற்காக யாரும் ஹைப்போவில் அமிலத்தை ஊற்றி பி.எச்.சை இறக்கப் பார்க்காதீர்கள். அமிலமும் ஹைப்போவும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய அறையில் ஆளைக் கொல்லும். இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள், ஒரே அளவு மூடியால் அளக்காதீர்கள். அமில அலசலுக்கும் ஹைப்போவுக்கும் நடுவே நல்ல தண்ணீர் அலசல் கட்டாயம்.

ராத்திரி முழுக்க ஹைப்போத் தண்ணீரை உள்ளேயே நிறுத்துவதை நிறுத்துங்கள். முதல் ஒரு மணியிலேயே குளோரின் செலவாகிவிடும். மிச்சப் பதினோரு மணி நேரமும் அது வெறும் பால் கலந்த உப்புத் தண்ணீர், பாக்டீரியாவுக்குக் கஞ்சித்தொட்டி. ஸ்டீலுக்கும் ரப்பருக்கும் கேடு வேறு. வடித்து, கிளஸ்டரைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, பக்கெட்டைக் கவிழ்த்துக் காயவிடுங்கள். ஈரம் இல்லாத பரப்பில் படலம் வளராது. இந்த ஒன்றுக்குக் காசும் இல்லை.

---

தொழுவம்12:

கேட்டதற்கு மேலேயே கிடைத்துவிட்டது, நன்றி. லைனர் போட்டு ஒன்பது மாதம் ஆகிறது, இன்றைக்கே சொல்லிவிட்டேன். இரண்டு சந்தேகம். இப்போது ஏற்கெனவே பிடித்திருக்கும் மஞ்சளை ஒரேயடியாக எடுக்க என்ன செய்வது? காரம் முதலா, அமிலம் முதலா? மற்றது, பக்கத்துப் பண்ணையில் குவாட் (குவாட்டர்னரி அம்மோனியம்) என்ற கிருமிநாசினி மருந்து விடுகிறார்கள், வாடையே இல்லை, கையும் எரியாது என்கிறார்கள். அதற்கு மாறலாமா?

---

காரஅமிலம்:

படிவத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். காய்ந்ததும் வெள்ளையாகச் சுண்ணாம்பு பூத்தது போல் இருந்தால் தண்ணீரின் தாது. சாய்த்துப் பார்த்தால் நீலமும் வானவில் நிறமும் அடித்தால் புரதம். தண்ணீர் பரவாமல் முத்து முத்தாக நின்றால் கொழுப்பு. மஞ்சள் கடினமாக இருந்தால் பால்கல். ஐயமிருந்தால் ஒரு துளி சிட்ரிக் கரைசல் வையுங்கள். அந்த இடம் வெளுத்தால் தாது. வெளுக்கவில்லை என்றால் இன்னொரு இடத்தில் ஒரு துளி காரக் கரைசல். அதில் வெளுத்தால் புரதம். இரண்டு துளியும் தனித்தனி இடத்தில், ஹைப்போ எதுவும் கிட்டே இல்லாமல்.

உங்களுடையது பெரும்பாலும் அடுக்குக் கலவையாகத்தான் இருக்கும். காரம் 70 டிகிரியில் 15 நிமிடம், அலசல், சிட்ரிக் லிட்டருக்கு 20 கிராம் 60 டிகிரியில் 15 நிமிடம், அலசல், மறுபடி காரம். மேலே வெள்ளைத் தாது மூடியிருந்தால் அமிலத்தில் தொடங்குங்கள், காரம் உள்ளே இறங்க வழி கிடைக்கும். பால் குழாயின் மஞ்சள் இதற்கும் போகவில்லை என்றால் அது கறை அல்ல, ரப்பரோ பிளாஸ்டிக்கோ கொழுப்பை உறிஞ்சி நிறம் மாறியது. மாற்றுவதுதான் வழி.

குவாட்: நேர்மின்னூட்டம் கொண்டது. பாத்திர லிக்விடும் சோப்பும் எதிர்மின்னூட்டம். இரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று முடித்துக்கொள்ளும். கடினத் தண்ணீரிலும் பலவற்றுக்கு வீரியம் குறையும். பரப்பில் ஒட்டிக்கொண்டு பாலுக்குள் இறங்கினால் தயிர் உறை சரியாகப் பிடிக்காது. தரைக்கும் வடிகாலுக்கும் விடுங்கள், பால் படும் இடத்தில் வேண்டாம் என்பது என் கட்சி.

ஆலைகளில் பெராக்சி அசிட்டிக் அமிலம் விடுகிறார்கள். படலத்தில் குளோரினைவிடத் தாக்குப்பிடித்து வேலை செய்யும், சிதைந்தால் வினிகரும் தண்ணீரும் ஆக்சிஜனும்தான். ஆனால் செறிவான கேனின் நெடி கண்ணையும் மூக்கையும் அறுக்கும், ரப்பரையும் சீக்கிரம் தளர்த்தும். 12 மாட்டுக்கு அவசியமில்லை.

---

மேல்பரப்பு:

சரியாயிற்றா என்று பார்க்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மருந்தை மாற்றிக்கொண்டே இருப்பீர்கள்.

ஒரே கறவையில் மூன்று மாதிரி எடுங்கள்: கொதிக்க வைத்த பாட்டிலில் கையால் நேராகக் கறந்தது, மிஷின் பக்கெட்டில் இருந்து, கேனில் இருந்து. ஒவ்வொன்றிலும் 10 மில்லி பால், 1 மில்லி மெத்திலீன் புளூ, 37 டிகிரி தண்ணீர்க் குளியல், ஒரே நேரத்தில் தொடக்கம். 5 மணிக்கு மேல் நீலம் நின்றால் மிக நன்று, 3–4 நன்று, 1–2 சுமார், அரை மணிக்குள் வெளுத்தால் மோசம். கைக்கறவை 5 மணியும் பக்கெட் 2 மணியும் என்றால் மிஷின்தான் குற்றவாளி. பக்கெட் நன்றாக இருந்து கேன் விழுந்தால் கேன், குறிப்பாகக் கழுத்து மடிப்பு. மூன்றுமே விழுந்தால் மடியையும் மடிநோயையும் பாருங்கள்.

இரண்டு எச்சரிக்கை. ஹைப்போ சரியாக வடியாமல் பாலில் கலந்திருந்தால் நீலம் பொய்யாக நீண்ட நேரம் நிற்கும். குளிரூட்டிய பாலில் இந்த டெஸ்டை அவ்வளவாக நம்பாதீர்கள். குளிரில் வளரும் சூடோமோனாஸ் இனம் 37 டிகிரியில் மந்தமாகிவிடும், சாயத்தைச் சீக்கிரம் வெளுக்காது. பால் பண்ணைப் படலங்களில் அடிக்கடி அகப்படுவதும் அதே இனம்தான். அது விடும் நொதிகள் பாலைக் காய்ச்சினாலும் அழியாமல் நின்று கசப்பையும் கொழுப்பு நாற்றத்தையும் கொண்டுவரும்.

சிலர் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைத் தெளித்து நுரைத்தால் கிருமி என்பார்கள். பாலிலுள்ள வெள்ளணுக்களின் நொதியும் நுரைக்க வைக்கும்; லாக்டிக் பாக்டீரியா நுரைக்க வைக்காது. நுரைத்தால் சுத்தமில்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளலாம், நுரைக்காததை நம்பக் கூடாது.

---

வேக்குவம்பம்ப்:

புது லைனர் மாட்டின அன்னிக்கே தேதியை கிளாமேல மார்க்கர்ல எழுதி வெச்சிருங்க. பழைய எட்டையும் ஸ்பேர்னு சொல்லி ஆணியில தொங்க விட்டுடாதீங்க, அவசரத்துல யாராச்சும் எடுத்து மாட்டிருவாங்க. வெட்டிப் போட்டுடுங்க.